விருந்துக்கு வந்தவன்

ஹலோ... ஹலோ... யாரு, முதலாளியா? நான் மண்டோர் காளியப்பன் பேசறேன்... காளியப்பன்ங்க... கொஞ்சம் இருங்க, குழலை இடது கைக்கு மாத்திக்கிறேன். வலது தோள் இறங்கிக் கெடக்கு, காது வரைக்கும் கை தூக்க முடியல... ஆங், இப்பக் கேக்குது. சொல்லுங்க.

...இல்லீங்க, ஓடிப் போகல. ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன்... ஆஸ்பத்திரி, முதலாளி, ஆஸ்பத்திரி. அந்தப் பாட்டுப் பெட்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்.

...ஆமா, புது லாரி என்கிட்டதான் இருக்கு... ஆமா, மாலையோடதான் எடுத்துட்டு வந்தேன். மத்த ரெண்டும் அன்னாசி ஏத்திக்கிட்டு சிங்கப்பூர் போயிருக்கு, வேற எதுல வருவேன்?... தெரியும், எஸ்டேட் துரை கையால ரிப்பன் வெட்டணும். ரிப்பன் அப்படியேதான் இருக்கு. ஒரு ஓரம்தான் கிழிஞ்சுது... துரை எங்க இருக்காரு? கொட்டகையில உக்காந்துட்டாரா... சரி.

...கம்பெனிப் பேர் போர்டா? அது கீழதான் கெடக்கும். விழுந்துடுச்சு... ஒடையல. போர்டுக்கு ஒண்ணும் ஆகல, முதலாளி. அர்ச்சுனன் மேலதான் விழுந்துச்சு.

...எந்த அர்ச்சுனனா? நம்ம கம்பெனியில எத்தனை அர்ச்சுனன் இருக்கான்? சுமை தூக்கறவன். பேச்சியம்மா புருசன்... அங்க நிக்கிற பசங்க சொல்லலியா? எப்படிச் சொல்லுவானுங்க. துரை பக்கத்துல நின்னா எவனுக்கு வாய் தொறக்கும்?

...உயிர் இருக்கு... இருக்குங்க. வலது காலு. முட்டிக்குக் கீழ எலும்பெல்லாம் நொறுங்கிப் போச்சு. ஒரு இடத்துல வெளியில தெரியுது. பெரிய டாக்டர் வந்து பாத்தாரு. காலை எடுத்தாத்தான் ஆளு பொழைப்பான்னு சொல்லிட்டாரு. உள்ள கொண்டு போயிருக்காங்க.

...நீங்க துரையைக் கூட்டிட்டு வரக் கார்ல ஏறிப் போனீங்கல்ல, அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு. எல்லாருமாச் சேந்து போர்டைத் தூக்கி நிறுத்தியாச்சு. அர்ச்சுனன் ஏணியில நின்னு போல்ட்டு முடுக்கிட்டு இருந்தான். இடது பக்கத்துக் கம்பம் மண்ணோட சாஞ்சுது. ஏணியும் அவனும் ஒரு பக்கம் விழுந்தாங்க, போர்டு வந்து அவன் காலு மேல உக்காந்துது. நான் அடியில தோளைக் குடுத்து நெம்பினேன், மத்தவனுங்க அவனை இழுத்தானுங்க... இல்லீங்க, உங்களைக் குத்தம் சொல்லல. ஒரு வாரமா மழை, மண்ணு களியா இருக்கு, ரெண்டு நாள் போகட்டும்னு காலையில சொன்னேன், அவ்வளவுதான். தெப்ராவ் ரோட்டுல திரும்பும்போதே கம்பெனிப் பேரு துரை கண்ணுல படணும்னு சொன்னீங்க. படற மாதிரிதான் தூக்கினோம்.

...லாரிப் பலகையிலயா? ஆமா, ரத்தம் இருக்கு... கழுவினாப் போயிடும், முதலாளி, பலகைதானே... ஆமா, மொத ஓட்டம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. சகுனம் சரியில்லதான். பாதி வழியில நிறுத்தித் தேங்கா ஒடைச்சுட்டா வர முடியும்? அவன் என் மடியில தலையை வச்சுக்கிட்டு, அண்ணே காலு இருக்கா, காலு இருக்கான்னு கேட்டுக்கிட்டே வந்தான். இருக்குடா இருக்குடான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்.

...சரி... சரிங்க... லாரியை அனுப்பறேன். சின்னத்தம்பி வெளியில நிக்கிறான், கழுவிட்டு ஓட்டிட்டு வந்துடுவான்... நானா? நான் இப்ப வர முடியாது. இங்க கட்டுப் போடற டிரெஸர் ஒரு கேள்வி கேட்டுட்டு உக்காந்திருக்காரு. பதில் சொல்லாம நகர முடியாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். டெலிபோனும் அவர் குடுத்ததுதான்.

...செபஸ்தியன்னு பேரு. நம்ம ஆளுதான். அவரு என்ன கேக்கறாருன்னா, அடிபட்ட நேரத்துல இவன் வேலையில இருந்தானா, சும்மா இருந்தானான்னு கேக்கறாரு. வேலையில இருந்தான்னா லேபர் ஆபீசுக்கு எழுதி அனுப்பணுமாம். காலு போனதுக்கு கம்பெனி ஈடு குடுக்கணும்னு இப்ப சட்டம் இருக்காம். சும்மா இருந்தவன்னா அது அவன் தலையெழுத்து, கட்டுப் போட்டு அனுப்பிடுவாங்க... அதான். அதான் கேக்கறேன். என்ன சொல்லட்டும்?

...திரும்பச் சொல்லுங்க... விருந்துக்கு வந்தவனா?

...முதலாளி, விடியறதுக்கு முன்னால பெரட்டு எடுத்து ஆள் எண்ணினோம். எல்லாரும் வரிசையில நின்னாங்க. நான்தான் லயத்துக்குப் போயி ஒவ்வொரு கதவாத் தட்டினேன். தட்டச் சொன்னது நீங்க... ஆமா, லீவுன்னுதான் சொன்னீங்க. வருசக் கடைசி, எல்லாருக்கும் லீவு, மத்தியானம் ஆட்டுக்கறிச் சோறு, காலையில மட்டும் வந்து ஒரு கை குடுங்கடான்னு சொன்னீங்க... ஆமா, கணக்கெழுதற கிராணி எவன் பேரையும் கூலிக் கணக்குல பதியல. எனக்குத் தெரியும். சோறு போடறோமே, அதுக்கு மேல கூலியான்னு நீங்க கேட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. யாரும் எதுத்துப் பேசல. கொட்டகை போட்டானுங்க, தோரணம் கட்டினானுங்க, துரை கார் வர்ற வழியில கல்லு கொட்டினானுங்க, போர்டைத் தூக்கினானுங்க. விருந்துக்கு வந்தவன் ஏணியில ஏறிப் போல்ட்டா முடுக்குவான்? துரைகூட விருந்துக்குத்தானே வந்திருக்காரு, அவரை முடுக்கச் சொல்லிப் பாருங்களேன்.

...தப்புதாங்க. வாய் தவறிடுச்சு... ஆமா... ஆமாங்க, மன்னிச்சுக்கங்க.

...குடியா? இல்லீங்க, அதையும் சொல்ல முடியாது. கள்ளுப் பீப்பாயை யாரும் தொடல. துரை கெளம்பின பிறகுதான்னு சொல்லி உள்ளறையில வச்சுப் பூட்டி சாவியை நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க. சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்க, இருக்கும்.

...சரி, கோவப்படாதீங்க. மெதுவாச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்... உம்... உம்... எஸ்டேட்டுக் கித்தா, ரப்பர் முழுக்க நம்ம லாரியிலயேவா... இன்னிக்கே கையெழுத்தா... உம்... லேபர் ஆபீஸ்காரன் வந்து நின்னா துரை வேற லாரி வச்சிருக்கிற தோக்கேகிட்டப் போயிடுவாரு... புரியுது... செட்டியார் கடன்ல வாங்கின லாரின்னும் தெரியும்... மூணு லாரி ஆறாகும்... ஆமா, அத்தனை குடும்பமும் இதுல வர்ற சோத்தைத்தான் திங்குது. நானும் அதைத்தான் திங்கறேன். கித்தா விலை விழுந்து எஸ்டேட் ஆளுங்களையெல்லாம் ஊருக்குக் கப்பலேத்தினப்ப, நீங்கதான் என்னை நிறுத்தி வச்சுக்கிட்டீங்க. ஓட்டை லாரி ஒண்ணு, நீங்களும் நானும் மாத்தி மாத்தித் தள்ளினோம். எதையும் மறக்கல, முதலாளி.

...என்னது?... பெக்கோக் ஊரு டிப்போவா?... எனக்கா?

...இல்ல, இருக்கேன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... டிப்போ முழுக்க என் பொறுப்புலயா... வீட்டோடயா... சிமெண்டுத் தரையா... உம்... என் பொண்டாட்டி காதுல விழுந்தா இப்பவே சட்டிபானையைக் கட்டிடுவா. இத்தனை வருசமா ஒழுகற கூரைக்குக் கீழ பாத்திரம் வச்சு வச்சு எடுக்கறவ... நெசமாத்தான் சொல்றீங்களா?... அடுத்த மாசமே... உம்... துரை முன்னால இன்னிக்கே சொல்லிடுவீங்களா... என்னையும் கூப்பிட்டு நிறுத்துவீங்களா...

...இல்லீங்க, யோசிக்கல. தோளு வலிக்குது, சுவத்துல சாஞ்சுக்கிட்டேன்.

...அர்ச்சுனனுக்கு என்ன செய்வீங்க?... கேட்டுல வாச்மேனா... உக்காந்துக்கிட்டே பாக்கற வேலை... உம். லெட்சுமணனுக்கும் அப்படித்தானே சொன்னீங்க... கை போன லெட்சுமணன், முதலாளி. ஒரு மாசம் கேட்டுல உக்கார வச்சீங்க. இப்ப ஸ்டேஷன் வாசல்ல கச்சான் கடலை விக்கிறான். பொட்டலம் மடிக்க ஒத்தைக் கை பத்தாம வாயால புடிச்சு மடிக்கிறான். நான் அந்தப் பக்கம் போனா ரோட்டைத் தாண்டிப் போயிடறேன்... இல்ல, உங்க வார்த்தையைச் சந்தேகப்படல. சரி, சரி.

ஒரு நிமிசம் இருங்க, பேச்சியம்மா வந்து நிக்குது... என்ன தாயி?... முதலாளிதான். முதலாளிகிட்டதான் பேசிட்டு இருக்கேன்... வருவாரு. துரை வந்திருக்காருல்ல, அவரை அனுப்பிட்டு வருவாரு... அது எனக்குத் தெரியாதே தாயி... கேட்டுச் சொல்றேன். நீ போயி பெஞ்சுல உக்காரு. கீழ உக்காராத, தரை ஈரமா இருக்கு. போ.

ஹலோ... ஆமா, அவன் சம்சாரம்தான். டாக்டர் சொன்ன கடுதாசியில பெருவிரல் வச்சுட்டு வந்து நிக்குது. விரல்ல இன்னும் மை இருக்கு... அது என்ன கேக்குதுன்னா, வெட்டி எடுக்கற காலை நம்ம கையில குடுப்பாங்களான்னு கேக்குது. பொதைக்கணுமாம். எங்கயாவது தூக்கி வீசிட்டா நாய் இழுத்துட்டுப் போயிடுமாம். அழவே இல்ல, முதலாளி. கடையில உப்பு இருக்கான்னு கேக்கற மாதிரி கேக்குது. நான் என்ன சொல்ல?

...என்னங்க? சரியாக் கேக்கல.

...லாரி எத்தனை மணிக்கு வரும்னா கேக்கறீங்க?

...வரும். வந்துடும்.

...இருங்க, டிரெஸர் கூப்பிடறாரு. இல்ல, குழலை வைக்கல, கையிலதான் இருக்கு. நீங்களும் கேளுங்க... சொல்லுங்க ஐயா... கம்பெனி வேலைங்க ஐயா... ஆமாங்க, வேலையில இருக்கும்போதுதான். விடியக்காலையிலேருந்து வேலையிலதான் இருந்தான்... நான் அந்தக் கம்பெனி மண்டோர், ஆளுங்களை வேலை வாங்கறவன். ஏணியில ஏறுடான்னு சொன்னது நான்... இல்லீங்க ஐயா, குடிக்கல. ஒருத்தரும் குடிக்கல. சோறுகூட இன்னும் திங்கல... காளியப்பன்னு எழுதிக்கங்க... சபாபதி லாரிக் கம்பெனி... கைநாட்டு வேணாங்க, கையெழுத்துப் போடுவேன். இதோ வர்றேன், இதை முடிச்சுட்டு வர்றேன்.

...ஹலோ... கேட்டுச்சுங்களா?... ஆமா, சொல்லிட்டேன்... ஆமா... உம்... உம்... திட்டுங்க, கேட்டுக்கறேன்... எங்க ஆத்தாளை இழுக்காதீங்க, அது எஸ்டேட்டுல உங்க ஆத்தா பக்கத்துல நின்னு ரப்பர் மரத்துல பால் வெட்டினது... உம்... நன்றி கெட்டவன்தான், சரி... பெக்கோக்குக்கு வேற ஆளைப் பாருங்க. நல்ல ஆளாப் பாருங்க, தரை சிமெண்டுத் தரையாமே.

...நாளையிலேருந்து வர வேணாமா?... சரி... லயத்து வீட்டையும் காலி பண்ணணுமா... நாளைக்கேவா? வருசப் பொறப்பு அன்னிக்கா?... சரிங்க. எங்க வீட்டுல சொல்லிடறேன். பாத்திரமெல்லாம் ஏற்கனவே தரையிலதான் இருக்கு, எடுத்து வைக்க நேரம் ஆகாது.

...இல்லீங்க, மிரட்டல. லேபர் ஆபீசுக்கு நான் போகல, அந்தக் கடுதாசி அதுவாப் போகும்... வந்து கேட்டாங்கன்னா? கேட்டா இதையேதான் சொல்லுவேன்... ஆமா. வேற சொல்லத் தெரியாது.

...துரை கூப்பிடறாரா? போங்க. போயி பக்கத்துல உக்காருங்க. லாரி கெளம்பிடுச்சு, சத்தம் கேக்குது. மாலையில வாடினதை மட்டும் பிச்சுப் போட்டுடச் சொல்லியிருக்கேன்... கறியை ரொம்ப நேரம் வச்சிருக்காதீங்க, முதலாளி. பசங்க காலையிலேருந்து வெறும் வயிறு. கேக்க மாட்டானுங்க. நீங்கதான் உக்காரச் சொல்லணும்.

...என் கணக்கா? அதை அப்புறம் பாத்துக்கலாம். ஈடு எவ்வளவுன்னும் லேபர் ஆபீஸ் பாத்துக்கும், அதுவும் வேற விசயம். வைக்காதீங்க, இதை மட்டும் கேட்டுக்கங்க. கிராணியைக் கூப்பிட்டு இன்னிக்குத் தேதியில பதியச் சொல்லுங்க... ஹலோ... இருக்கீங்களா?

...டிசம்பர் முப்பத்தொண்ணு. அர்ச்சுனனுக்கு ஒரு நாள் கூலி, எண்பது காசு பாக்கி.