மெஷினை விட்ட கை

2024 மார்ச் 14, காலை பத்தே கால் மணி. மலேசியாவில் ரிங்லெட்டுக்கு மேலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொழுந்து வெட்டும் மெஷின் கீழே விழுந்து உடைந்தது. பிடித்திருந்தவர்கள் சசிதரன், அவன் மனைவி மோகனா. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, இருவரையும் தம் ஆபீசுக்கு வரச் சொன்னார்.

மோகனா: கிராணி கேட்டா, எனக்குக் கால் வழுக்கிருச்சுன்னு சொல்லிருங்க.

சசிதரன்: வழுக்கலையே. நீதான் கைய விட்ட.

மோகனா: மெல்ல பேசுங்க லா... உள்ளதான் இருக்காரு.

சசிதரன்: அவரு என் மண்டையத்தான் குத்தம் சொல்வாரு. நாலு மாசம் முன்ன மோட்டார்சைக்கிள்ல இருந்து விழுந்தவன், பாதிய மறந்தவன்னு. வேலைய விட்டுத் தூக்கிட்டா தோட்டம் குடுத்த லயன் வீடும் போச்சு.

மோகனா: டாக்டர் என்ன சொன்னாரு? நடந்ததுதான் மறக்கும், படிச்சது நிக்கும், கையில பழகுனது போகாதுன்னாரு. வேலைக்குத் திரும்புன மொத நாளே மெஷின ஒழுங்கா புடிச்சீங்கள்ல?

சசிதரன்: நாட்டுக்குச் சுதந்திரம் கெடச்ச மெர்டேக்கா எந்த வருசம்னாரு. டக்குனு சொன்னேன்.

மோகனா: கல்யாணத் தேதி கேட்டாரு... முழிச்சீங்க.

சசிதரன்: அதுக்கு மண்டை உடையாதவனே முழிப்பான்.

மோகனா: வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகல.

சசிதரன்: உன் தோள்ல அட்டைப்பூச்சி ஏறுச்சு. தட்டிவிடத்தான் கைய ஓங்குனேன்.

மோகனா: தெரியும்.

சசிதரன்: தெரிஞ்சுமா விட்ட?

மோகனா: நான் எங்க விட்டேன்? கை தானா மூஞ்சிய மறைக்கப் போயிருச்சு.

சசிதரன்: எதுக்கு?

மோகனா: குளிரு.

சசிதரன்: குளிருக்கா?

மோகனா: விடுங்களேன்... ஒங்களுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே. நாம நல்லாத்தான் இருந்தோம்.

சசிதரன்: ஆஸ்பத்திரியிலயும் இதத்தான் சொன்ன.

மோகனா: ஷ்... வர்றாரு.

கிராணி திருச்செல்வம்: என்னப்பா சசி, மண்டை இன்னும் சரியாகலையா?

மோகனா: இல்லைங்கய்யா, எனக்குத்தான் கால் வழுக்கி...

சசிதரன்: பொய்ங்கய்யா. எனக்கு எல்லாம் ஞாபகம் வந்து ரெண்டு மாசமாச்சு. இவள நான் அடிச்சது... பல்லு ஒடஞ்சது... இவ என்னை விட்டுட்டு அக்கா வீட்டுக்கே போனது. நான் விழுந்தப்பதான் திரும்பி வந்தா. மறந்த மாதிரியே இருந்தா இங்கயே இருப்பாள்னு சும்மா இருந்துட்டேன். இன்னிக்குக் கைய ஓங்குனேன், அடிக்கிறேன்னு பயந்துட்டா. மெஷின் ஒடஞ்சத என் பேர்லயே எழுதுங்க.

திருச்செல்வம்: நீ என்னம்மா சொல்ற?

மோகனா: ரெண்டு மாசமாவா நடிச்சீங்க... ஐயா, நாளையில இருந்து மெஷின் புடிக்க என்கூட வேற ஆளு போடுங்க.