மூடி போட்ட பிறகு எடுத்த படங்கள்

அதிகாலை நாலு மணி. கைவிட்ட கல்குவாரிக்குப் போகும் மண்பாதை. அந்தப் பக்கம் ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது... அதனால்தான் அவன் அங்கே போனான்.

கரண்ட் வரும்வரை ஏதாவது சொல் என்றீர்கள், சொல்கிறேன். முடிந்த பிறகு யாரும் என்னை பாத்ரூமுக்குத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. இது என் தோழியின் கூடப் பிறந்த அண்ணனுக்கு நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பகலெல்லாம் ஊரார் கண்ணுக்குப் பவர் பார்ப்பான். ராத்திரியானால் தொலைநோக்கியைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மாதிரி ஒரு நெபுலா. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிலா இல்லாத இரவுகளாகப் பார்த்து, மணிக்கணக்கில் படமெடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் லேசாக உருவம் வரும். அதற்காக நாயாய் அலைந்தான்.

வீட்டில் மனைவிக்கு இழுப்பு, மூச்சு விட்டால் கீ கீ என்று சத்தம் வரும். நெஞ்சில் தைலம் தேய்க்காமல், வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்பு இல்லாமல் படுக்க மாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் கதவருகே வந்து நின்றாள்.

"இன்னைக்குப் போக வேணாங்க. மூச்சு வாங்குது. பம்புல மருந்தும் தீரப் போகுது."

"நாளைக்கு மேகம் வந்துடும். வர்றப்ப வாங்கிட்டு வர்றேன், நீ படு," என்றான் அவன்.

கல்குவாரியில் போனை அணைத்து வைத்தான். அதன் வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிடுமாம். விடிந்து வந்து பார்த்தால், வாசல் கதவில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். கையில் போன். உடம்பு ஜில்லிட்டுப் போயிருந்தது.

உச்சுக் கொட்டாதீர்கள். அவனுக்காக யாராவது பாவப்பட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையில் அடித்துக்கொண்டு அழுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அந்த நெபுலா திரும்ப வானத்தில் ஏறியதும் மறுபடி கிளம்பினான். படத்துக்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருந்ததாம்.

அந்த ராத்திரியைத்தான் சொல்கிறேன்...

வானத்தை எடுத்து முடித்தாயிற்று. அடுத்து இருட்டை எடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், அவர்கள் வேலைமுறை அப்படி. கேமரா நீண்ட நேரம் திறந்திருந்தால் தானாகவே புள்ளி புள்ளியாக அழுக்கு சேரும். அதனால் தொலைநோக்கிக்கு மூடி போட்டு, அதே குளிரில், வெறும் இருட்டைத் திரும்பத் திரும்பப் படமெடுப்பார்கள். வானத்துப் படத்திலிருந்து அந்த அழுக்கைக் கழிப்பதற்கு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். நடுவில் மூடியைத் திறந்தால் வீண். விடிந்து குளிர் மாறிவிட்டால் மறுபடி எடுக்கவும் முடியாது.

மூடியின் ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் எதையாவது சுற்ற வேண்டும். காரின் பின்சீட்டில் அவளுடைய கறுப்புக் கம்பளிச் சால்வை கிடந்தது. எடுத்து இறுக்கிக் கட்டினான். அந்த ஆளுக்கு அதுகூட உறைக்கவில்லை.

முதல் படம் வந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு மூட்டம். கண்ணாடியில் ஊதினால் படியுமே, அப்படி. அடுத்ததில் பெரிதாக. அதற்கடுத்ததில் சிறிதாக... வெளிச்சம் கசிகிறது என்று நினைத்து இன்னும் இறுக்கினான்.

அப்போதுதான் தைல வாசனை. காற்றே இல்லை. தொலைநோக்கியின் குழாய்க்குள்ளிருந்து, மெல்லிசாக... கீ... கீ... நின்றது. மறுபடி... கீ...

மூடியில் கை வைத்தான். அந்தக் குளிரில் சால்வை வெதுவெதுவென்று இருந்தது. கிழக்கே பார்த்தான். வெளுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் நாலு படம் பாக்கி.

கையை எடுத்துக்கொண்டான்.

கடைசிப் படம் சுத்தக் கறுப்பு. சத்தமும் இல்லை. அவ்வளவு நல்ல இருட்டு அவனுக்கு அதுவரை கிடைத்ததே இல்லையாம். அதை வைத்துத்தான் நெபுலாவை முடித்தான். படம் பிரமாதம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள்.

என் தோழிதான் பொறுக்க முடியாமல் கேட்டிருக்கிறாள்.

"உள்ள இருந்தது அண்ணின்னு உனக்குத் தெரியும்ல? ஏன்ணா தொறக்கல?"

"இன்னும் நாலுதான், கொஞ்சம் பொறுத்துக்கோன்னு அவகிட்டயே சொன்னேன்."

"அதுக்கு அண்ணி...?"

"'சரிங்க'ன்னா."