பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

வெள்ளிக்கிழமைகளில் நான் மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்று நீங்கள் யோசிக்கலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்று சொல்லி நாலு தாளும் ஒரு பேனாவும் தந்துவிட்டுப் போனீர்கள். எனக்கு அது வெள்ளிக்கிழமையில்தான் தொடங்குகிறது.

மானிப்பாயில் கோபிகா என்ற பிள்ளையின் வீட்டு மேல்மாடியில் ஒரு ரியூசன் மண்டபம் இருக்கிறது. வெள்ளி பின்னேரங்களில் அங்கே நாங்கள் ஒன்பது பேர் கூடுவோம். 'எட்டாவது கரை' என்ற விண்வெளித் தொடரைத் திரையில் போட்டுப் பார்ப்போம். பார்த்து முடிந்ததும் அதைப் பற்றிக் கதைப்போம். நாற்பத்தேழு வயதில் அளவெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓடிப்போய் இதையா பார்க்கிறீர் என்று நான் வேலை செய்யும் தபால் கந்தோரில் என்னைப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். காசு வைத்துக் கடதாசி விளையாடப் போயிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இடைவேளைக்கு எட்டுப் பேருக்கு மீன் ரோல்ஸ் வரும். எனக்கு மட்டும் மரக்கறி ரோல்ஸ், வேறு கடதாசியில் சுற்றி. அதை ஒரு கிழமை கூட மறக்காமல் வாங்கி வந்தவன் சிவதர்ஷன். அவனுக்கு இருபத்துநாலு வயது. வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு பூட்டுவது அவன் வேலை. மானிப்பாயில் தாயோடும் தங்கை வித்தியாவோடும் இருந்தான். நான் ஒரு நாளும் அவனிடம் ரோல்ஸ் கேட்டதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவைத் தொடங்கியது நான். மற்ற எட்டுப் பேரும் என்னிலும் இருபது வயது இளையவர்கள். தங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், என்னை மட்டும் அண்ணை என்பார்கள். வாசலில் நின்று யாராவது 'அண்ணை' என்றால் அந்த மண்டபத்தில் திரும்பிப் பார்ப்பது நான் ஒருவன்தான். அதில் எனக்குப் பெருமை, ஒளிப்பானேன். மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். நான் கலியாணம் கட்டவில்லை. அம்மா போன பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

தொடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது. மனிதருக்குத் துணையாக ஓரான்கள் என்று ஒரு வேற்றுலகத்தார் அதில் வருவார்கள். ஒவ்வொரு ஓரானுக்கும் வாய்க்குள் நுழையாத ஒரு நீண்ட பெயர். நாலாவது பருவத்தின் கடைசியில் ஒரு சந்திரனில் குடியிருந்த முந்நூறு பேரும் காற்று முடிந்து சாகிறார்கள். ஓரான்களின் கப்பல் நேர் மேலே நிற்கிறது. கீழே இருப்பவர்கள் 'நண்பர்களே, நண்பர்களே' என்று கூப்பிடுகிறார்கள். கப்பல் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று சொல்லாமலே பருவத்தை முடித்துவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். உலகம் முழுக்க அந்தத் தொடரின் இரசிகர்கள் இதையே பிடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

விடை எனக்குத் தெரிந்திருந்தது. அது எங்களுடைய புராணத்திலேயே இருக்கிறது. முதலை காலைப் பிடித்தபோது யானை 'ஆதிமூலமே' என்று கூப்பிட்டது. அந்தச் சத்தம் தேவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அது தங்கள் பெயர் இல்லை என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். ஆதிமூலம் எவரோ அவர் வந்தார். இருந்துவிட்ட தேவர்களை யாராவது குறை சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அவர்களுக்கும் பூ வைத்துத்தானே கும்பிடுகிறோம். ஓரான்களுக்கும் அதே சட்டம்தான் என்று நான் எழுதினேன். துணை என்பது பெயருக்குக் கட்டுப்பட்டது. பெயர் சொல்லாத அழைப்பு அழைப்பே அல்ல. தபால் கந்தோரில் இருபத்துமூன்று வருடம் இருக்கிறேன், பெயர் இல்லாத கடிதத்தை ஊகித்து ஒரு வீட்டில் கொடுத்ததில்லை. ஊகிக்கத் தொடங்கினால் பிறகு எதுவும் ஒழுங்காக நடக்காது.

நாற்பது பக்கக் கட்டுரை. இரண்டு வெள்ளிக்கிழமை நின்றுகொண்டு வாசித்தேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் கோபிகா கை தட்டினாள். அப்போது சிவதர்ஷன் ரோல்ஸ் கடதாசியில் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு சொன்னான்.

"கூப்பிட்டால்தான் வருவன், அதுகும் சரியான பேரைச் சொன்னால்தான் வருவன் எண்டு நிண்டால் அது துணை இல்லை, அண்ணை. அது கந்தோர்."

எல்லோரும் சிரித்தார்கள். கோபிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் அழகில்லை. பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, மற்றவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்து மெதுவாகக் கதைத்தான்.

"எங்கடை அப்பா கடைசிச் சண்டையிலை செத்த இடத்தை வானத்திலையிருந்து படம் எடுத்து வைச்சிருக்கினம். இப்பவும் கணினியிலை பாக்கலாம். மேலை நிண்டவைக்கு எங்கடை பேர் தெரியாமல் இல்லை, அண்ணை. தெரிஞ்சும் வரேல்லை. உந்த ஓரான்களும் அப்பிடித்தான். அதுக்குப் புராணம் தேவையில்லை."

அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது கேட்டது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை அது. தகப்பன் செத்ததைக் கொண்டு வந்து ஒரு வாதத்தில் வைத்தால் யார் எதிர்த்துக் கதைப்பது? என் நாற்பது பக்கமும் இரண்டு நிமிடத்தில் குப்பையாகிவிட்டது. எனக்கு அது நெஞ்சில் தைத்தது. அதை இங்கே மறைக்கவில்லை.

அடுத்த மாதம் ரொறன்ரோவில் இருக்கும் தமிழ் இரசிகர்கள் இணையத்தில் ஒரு கருத்தரங்கு வைக்கப்போவதாக அறிவித்தார்கள். வேற்றுலகத் துணையும் புராணமும் என்பது தலைப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தலைப்பு யாருடையது என்று பாருங்கள். குழுவில் கை உயர்த்தி முடிவு செய்தார்கள். சிவதர்ஷனுக்கு ஆறு கை. எனக்கு ஒரு கை, அது அவனுடையது. கோபிகா கையை உயர்த்தவில்லை, நானும் உயர்த்தவில்லை. ஆறும் வந்து என்னைச் சுட்டதை விட அந்த ஒரு கை அதிகம் சுட்டது.

இதெல்லாம் ஒரு காரணமா என்று நீங்கள் கேட்டால், காரணம் இல்லை என்றுதான் சொல்வேன். பின்னணியைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆனி மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நான் தோட்டத்தில் நின்றேன். வீட்டுக்குப் பின்னால் எனக்குக் கொஞ்சம் வெங்காயம் உண்டு. அன்றைக்குப் பார்த்து இறைக்கும் மிசின் தண்ணீர் எடுக்கவில்லை. கிணற்றுக்குள் இருக்கும் குழாயின் அடி வால்வில் ஏதோ அடைத்திருந்தது. சிவதர்ஷன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். நான் வரச் சொல்லவில்லை. கையில் என் கட்டுரையின் பிரதி இருந்தது. முழுக்க வாசித்திருந்தான், ஓரங்களில் பென்சிலால் குறித்தும் இருந்தான். ரொறன்ரோக்காரரிடம் தான் கதைத்துவிட்டதாகவும், தன்னுடைய நேரத்தில் பாதியை எனக்குத் தரச் சம்மதித்துவிட்டார்கள் என்றும் சொன்னான். பதினோராம் பக்கம் நல்லாய் இருக்கிறது என்றான். நான் கேட்டேனா, ஐயா? ஒரு சொல்லாவது கேட்டேனா?

பிறகு மிசினைப் பார்த்தான். வால்வுதான் என்று அவனும் சொன்னான். நான் ஆள் பிடித்துப் பார்ப்பேன், உமக்கு வேண்டாம், விடும் என்றேன். ஐந்து நிமிட வேலை அண்ணை என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான், தொலைபேசியைக் கட்டுரைக்கு மேல் பாரமாக வைத்தான். எங்கள் கிணறு ஆழமானது, சுண்ணாம்புக்கல் வெட்டிய கிணறு. சுவரில் கால் வைக்கக் கம்பிகள் பதித்திருக்கும். கூரை ஏறிப் பழகியவன், சுகமாக இறங்கினான். கடைசிக் கம்பி பாசி பிடித்திருந்ததை நான் அறிவேன். சொல்லியிருக்கலாம். அவனும் கேட்கவில்லை.

வழுக்கினான். தண்ணீர் இரண்டு ஆள் உயரம் இருந்திருக்கும். அவனுக்கு நீந்தத் தெரியாது.

நான் கிணற்றுக் கட்டோரம் நின்றேன். வாளிக் கயிறு சுருட்டி வைத்தபடி இருந்தது, அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நீளமான நைலோன் கயிறு, போன தைப்பொங்கலுக்கு வாங்கியது. நான் பதறவில்லை. அந்த நேரத்தில் என் மனம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை நினைக்க இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவன் குழாயைப் பிடித்தான், குழாயும் வழுக்கியது. இரண்டு தரம் கீழே போய் மேலே வந்தான். அவன் முறைப்படி கேட்கும் வரைக்கும் நிற்பது என்று முடிவு செய்தேன். கந்தோர் என்று சொன்னவன் அல்லவா. தானாக வந்த துணையை விட, கேட்டுப் பெற்ற துணையின் அருமை அவனுக்கு அப்போது விளங்கும் என்று உண்மையாகவே நினைத்தேன். மூன்றாம் தரம் போனவன் வரவில்லை. தண்ணீர் அடங்கும் வரை நின்றேன். பிறகு கயிற்றைப் பழையபடி சுருட்டி வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் முகம் கழுவி, வெளியே வந்து அயலைக் கூப்பிட்டேன். அயலவர்களை ஒவ்வொருவராகப் பெயரும் முறையும் சொல்லித்தான் கூப்பிட்டேன், உடனே ஓடி வந்தார்கள்.

வீட்டுக்குள் இருந்தேன், சத்தம் கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். கயிறு நனையாமல் இருந்ததை நீங்கள் கவனித்தது நல்லது, ஓடி வந்தவன் என்றால் முதலில் கயிற்றைத்தானே போட்டிருப்பான். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கவனித்திருப்பேன்.

செத்த வீட்டுக்குப் போனேன். தாய் என் கையைப் பிடித்து, கடைசி நேரத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்களாவது இருந்தீர்களே என்று அழுதா. இருந்தேன்தான், அதில் பொய் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போனேன், வித்தியா எனக்கென்று நிழலில் கதிரை போட்டுத் தந்தாள். கருத்தரங்கு நாள் வந்தபோது சிவதர்ஷனுடைய இடத்தில் அண்ணைதான் கதைக்க வேண்டும் என்று கோபிகா அழுதழுது கேட்டாள். கேட்டபடியால் சம்மதித்தேன். ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு நாற்பது நிமிடம் கதைத்தேன். ரொறன்ரோவில் பலர் கண் கலங்கினார்களாம். அன்று வெள்ளிக்கிழமை. இடைவேளைக்கு எல்லோருக்கும் மீன் ரோல்ஸ்தான் வந்தது. எனக்கு வேறாக வாங்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நான் பசியோடு அளவெட்டிக்குத் திரும்பினேன். அன்றைக்கு அவனை நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கொலை என்ற சொல்லைப் பாவித்தீர்கள். நான் தள்ளவில்லை, இறங்கச் சொல்லவில்லை. நின்றேன். நின்றவர்களைத் தண்டிக்க ஒரு சட்டம் இருந்தால் அது மேலே எங்கிருந்து தொடங்கும் என்று சிவதர்ஷனே கேட்டிருப்பான். ஆனால் நான் சட்டம் கதைக்க வரவில்லை. கயிறு எட்டும், அவன் பிடித்திருப்பான், நான் இழுத்திருப்பேன், அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். இதை ஒப்புக்கொள்கிறேன். கீழே கையெழுத்தும் வைக்கிறேன்.

பக்கத்துக் காணிப் பாலேஸ்வரி அக்கா உங்களுக்குச் சொன்னதை இன்று காலை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். யாரோ என் படலையில் நின்று கூப்பிடுவதாக நினைத்தாவாம். பிறகு சத்தம் நின்றதால் வந்தவர் உள்ளே போய்விட்டார் என்று தன் வேலையைப் பார்த்தாவாம். அவவில் பிழை இல்லை. அவ சொன்னதை நான் மறுக்கவும் இல்லை. ஓம், அவன் கூப்பிட்டான். மூன்று தரம், தெளிவாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டான். 'அண்ணை' என்றான். மூன்று தரமும் அதைத்தான் சொன்னான். அளவெட்டியில் எத்தனை அண்ணைமார் இருக்கிறார்கள், ஐயா. என் பெயர் கனகலிங்கம். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது, அவன் வாசித்தும் இருந்தான். அதை ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும், கயிறு என் கையில்தான் இருந்தது.