தண்ணீர் தெளிக்காத வைக்கோல்

உங்கள் ஆட்கள் அந்தப் பாத்திகளைக் கொத்தியிருக்க வேண்டாம், மேடம். எதையாவது புதைத்து வைத்திருப்பேன் என்று நினைத்துவிட்டார்கள் போல. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வைக்கோலை ஒதுக்கிக் காட்டியிருப்பேன். பூச்சிமருந்து பாட்டில் கிடைத்ததா? கிடைத்திருக்காது. என் தோட்டத்துக்குள் மருந்து வந்ததே இல்லை, மண்வெட்டி பட்டும் பல வருடம் ஆகிறது. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன், மண்புழுக்கள் துண்டு துண்டாக வெயிலில் நெளிந்துகொண்டிருந்தன. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது.

நீங்கள் தோட்டம் போட்டதில்லை என்பது உங்கள் நகங்களைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் சொல்கிறேன். காய்கறி வளர்க்கப் பாடுபட வேண்டியதே இல்லை. கொத்த வேண்டாம், களை பிடுங்க வேண்டாம், தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மண்ணின் மேல் முழங்கால் உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். மூடாக்கு என்பார்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் புழுவும் பூசணமும் கண்ணுக்குத் தெரியாத என்னென்னவோ ஜீவன்களும் நமக்காக வேலை செய்யும். உருளைக்கிழங்கைக்கூடப் புதைக்காமல் மண்மேல் வைத்து மூடிவிட்டால் போதும், பிறகு வைக்கோலை விலக்கிப் பொறுக்கிக்கொள்ளலாம். டெலிபோன் எக்சேஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பைக் கெடுத்துக்கொண்ட எனக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைச் சோம்பேறித் தோட்டக்காரி என்றுதான் கூப்பிடுவார். நானும் சிரித்துவைப்பேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நல்ல வைக்கோல் மாட்டுக்குப் போய்விடும். எங்களைப் போன்றவர்களுக்கு வருவது மழையில் நனைந்து, உள்ளுக்குள் புழுங்கி, பூசணம் பிடித்த கட்டுகள். மண்ணுக்கு அதுதான் விருந்து. ஆனால் காய்ந்த கட்டைப் பிரித்து உதறினால் வெள்ளையாகப் பொடி கிளம்பும். மூக்கில் ஏறினால் எனக்கே அரைநாள் இருமல் வரும். அதனால் வெட்டவெளியில் போட்டு, குழாயால் நன்றாக நனைத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அப்படித்தான் நானும் எப்போதும் செய்வேன்.

இனி என் தம்பி. அதற்குத்தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியது நான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவன் பரீட்சையோ அவன் காய்ச்சலோ குறுக்கே நின்றது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. துணி ஆலையில் தையல் மிஷின் மெக்கானிக்காகச் சேர்ந்தான். கையில் எண்ணெய்க் கறையோடு வந்து, அதே கையால் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவான். திட்டினால் இன்னொரு வாய் எடுப்பான். அப்புறம் அவனுடைய இரண்டு கிட்னியும் கெட்டுப்போயின. என்னுடையது பொருந்தும் என்றார்கள். யோசிக்க ஒன்றுமில்லை, ஒன்றைக் கொடுத்தேன். வலது பக்கம் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவன் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நர்சை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். புதுக் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவனுடைய எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் குறைத்து வைத்திருக்கிறார்களாம். ஆயுளுக்கும் அப்படித்தானாம்.

“வீட்ல தோட்டம் இருக்குன்னு சொன்னீங்களேம்மா, அதான் சொல்றேன். மண்ணு, எரு, மக்கின வைக்கோல், எதையும் அவர் தொடவே கூடாது. அந்தப் பூசணம் உங்களையும் என்னையும் ஒண்ணும் பண்ணாது. அவருக்கு நுரையீரல்ல போய் வளர ஆரம்பிச்சிடும். அவர்கிட்ட எதைச் சொன்னாலும் சிரிச்சே மழுப்பிடறார். நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்.”

சரி என்று தலையாட்டினேன். தோட்டத்துப் பக்கம் தலைகாட்டினால் காலை உடைப்பேன் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. உடம்பு தேறிவரும் நேரத்தில் பயமுறுத்துவானேன் என்று நினைத்தேன். என் செடிகளை யாரும் தொட்டால் எனக்குப் பிடிக்காது என்று அவன் எடுத்துக்கொண்டான். “உன் தக்காளியை நான் கடத்திட்டுப் போயிடமாட்டேன்க்கா” என்று கேலி செய்வான். பின்கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வான். அந்த ஒரு வருடம் அவனை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கண்ணாடிக்காரி வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவனுக்குப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டவள், அதோடு நிற்காமல் வீட்டுக்கும் வர ஆரம்பித்தாள். வரும்போதெல்லாம் பழம் வாங்கி வருவாள், என் இடுப்பு வலியை விசாரிப்பாள், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைப்பாள். இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது. பேசும்போது அவள் கண் சுவரையும் கூரையையும் சுற்றும். வீட்டை அளவெடுக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவளுக்கு வீடு வேண்டாம்.

எக்சேஞ்சில் இருந்தவளுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்பது ஒரு பழக்கம். கேட்கக் கூடாது என்றுதான் விதி, கேட்காதவர்கள் யாருமில்லை. பொய் சொல்பவர் குரல் கொஞ்சம் மேலே ஏறும். ஒரு சாயங்காலம் தம்பி மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் வேறு ஊரில் ஒரு கிளைக்கு மாற்றல் வாங்கிவிட்டாளாம். அங்கேயே இவனுக்கும் ஒரு ஆலையில் வேலை பார்த்து வைத்திருக்கிறாளாம்.

“அக்காகிட்ட இப்ப சொல்ல வேணாம். சொன்னா என்னை விடமாட்டா. முதல்ல போய்ச் சேர்ந்துடலாம், அங்கேருந்து போன்ல சொல்லிக்கலாம்.”

அந்தக் குரல் கொஞ்சம்கூட மேலே ஏறவில்லை. உண்மையைத்தான் சொன்னான். எனக்கு ஆத்திரமாக வந்தது, மேடம். அதை மறைக்க மாட்டேன். அடுப்படிக்குப் போய், நறுக்கி வைத்திருந்த காயையே மறுபடி நறுக்கிக்கொண்டு நின்றேன்.

ஆனாலும் அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். நான் நியாயமானவள். மறுநாள் காப்பி கொடுக்கும்போது, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமாடா என்று கேட்டேன். ஒண்ணுமில்லக்கா என்றான். குரல் மேலே ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே வந்து, ரொம்ப நாளா நீ ஒருத்தியே குனிஞ்சு கஷ்டப்படறே, தோட்டத்துல ஏதாவது வேலை இருந்தா நான் பண்றேனே என்றான். போகிறவனுக்கு மனசு உறுத்தியிருக்கிறது. நான் கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவனேதான் கேட்டான். எப்போதும் வேண்டாம் என்பவள் அன்று சரி என்றேன்.

அந்த வாரம் மழையில் ஊறிய கட்டுகள் வந்து இறங்கின. வண்டிக்காரர் ஒரு கட்டைப் புரட்டிப் பார்த்து, இது மாட்டுக்குக் காட்டக்கூட ஆகாதும்மா, உள்ளே பூரா பூசணம், மூக்கைக் கட்டிக்கிட்டுப் பிரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுகளை வெளியே போடாமல் பின்பக்கக் கொட்டகைக்குள் அடுக்கச் சொன்னேன். சில நாள் கிடந்து நன்றாகக் காய்ந்தன. தம்பியை அங்கே உட்காரவைத்து, உதிரி உதிரியாகப் பிரித்துக் கொடு, நான் பரப்பிக்கொள்கிறேன் என்றேன். பஸ்ஸில் போகும்போது கட்டும் முகமூடியை எடுத்துக்கொண்டு வந்தான். நம்ம வீட்டுக்குள்ள எதுக்குடா அது என்றேன். கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்பவன்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. நான் தெளிக்கவில்லை.

கதவு வழியாக வந்த வெயிலில் பொடி மிதப்பது தெரிந்தது. அவன் புருவம், மீசை எல்லாம் வெளுத்துவிட்டது. “எனக்கு வயசானா இப்படித்தான் இருப்பேன் போல, பார்த்துக்கோ” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். போனில் தன்னையே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். அது யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அப்போது அவன் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. கட்டுகள் தீரும்வரை, ஆலை விட்டு வந்து தினமும் கொஞ்ச நேரம் பிரித்துக் கொடுத்தான். மூடாக்கு அந்த முறை அமைந்தது போல் எப்போதும் அமைந்ததில்லை.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பொடியையோ மருந்தையோ நான் அவன் சாப்பாட்டில் கலக்கவில்லை. கை ஓங்கவில்லை. உடம்பு என்பது அவரவர் விதி, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றுதான் விட்டேன். வந்துவிட்டது. முதலில் வறட்டு இருமல். பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கண்ணாடிக்காரி பறந்தாள். வெறும் சளி, கஷாயம் குடித்தால் போய்விடும் என்று நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். படுக்கையில் இருந்த நாட்களில் பழையபடி என் கையால் சாப்பிட்டான். அவளோடு பேசக்கூட மூச்சில்லை, போனை என்னிடமே கொடுத்துவிட்டான். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவள் சொல்லாமல் ஆம்புலன்சை வரவழைத்திருக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்திருப்பேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் அதே டாக்டரம்மா வெளியே வந்து என்னைத் தேடினார். கண்ணாடிக்காரி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

“அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மண்ணு, வைக்கோல், பூசணம் இந்த மாதிரி எதிலயாவது இவர் கை வெச்சாரா? சோதனை முடிவு வர நாளாகும், அதுவரைக்கும் தாங்குவாரான்னு தெரியல. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா பூசணத்துக்கான மருந்தை இப்பவே ஏத்திடுவேன். காப்பாத்திடலாம்.”

வைக்கோலைப் பிரிக்கச் சொன்னதைப் பற்றி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்குக் கேள்வி கேட்கலாம், எதற்கும் என்னிடம் பதில் உண்டு. இந்த இடத்துக்குத்தான் இல்லை. கண்ணாடிக் கதவு வழியாக அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கில் குழாய். கையை லேசாகத் தூக்கிக் காட்டினான். ஒரே ஒரு வார்த்தை, மேடம். அது என் நாக்கு நுனியில் இருந்தது. பிழைத்து எழுந்தால் அவன் நேராக எந்த ஊருக்குப் போவான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

“தோட்டத்துப் பக்கமே அவன் வரமாட்டான் டாக்டர், நான் விடவே மாட்டேன்” என்றேன். என் குரல் மேலே ஏறவில்லை.

டாக்டர் என்னை நம்பி, சாதாரண நிமோனியாவுக்கான மருந்தையே தொடர்ந்தார். அவர் மேல் தப்பில்லை. உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா, சரியாயிடும்ல என்று கேட்டான். சரியாயிடும்டா, நான் இருக்கேன்ல என்றேன். விடியும்வரை என் கையை அவன் விடவில்லை. அதன் பிறகு நான்தான் விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கண்ணாடிக்காரி அந்தப் போட்டோவை டாக்டரிடம் காட்டினதால்தான் சந்தேகம் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை. அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவனைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவிடம் மெதுவாக ஒன்று கேட்டேன். கெட்டுப்போனது நுரையீரல்தானே, கிட்னி நன்றாகத்தானே இருக்கிறது, எடுத்து எனக்கே திருப்பி வைத்துவிட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, அவனுடைய கேஸ் ஷீட்டை மறுபடி முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

நான் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது என்னுடையது. அவன்தான் சொல்லாமல் கொள்ளாமல் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்தான்.