அனுப்பியவர் பெயர்

— இல்ல தம்பி, போன்ல படம் காட்டுற வேலையே வேணாம். பணம் என் கணக்குல ஏறிடுச்சுன்னு பேங்க்காரங்க வாயால சொல்லணும். அப்புறம்தான் சாவி. கேட்டியா?

— கேட்டேங்க ஐயா. காலையிலருந்து இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— இன்னும் எத்தனை தடவை சொன்னாலும் தப்பில்ல. வண்டிய பேங்க் வாசல்லயே கொண்டாந்து நிறுத்தி, வண்டிக்குள்ள உன்னையும் உக்கார வச்சிருக்கேனே, எதுக்கு? ஏசி காத்து வாங்கவா?

— ஏசி வேலை செய்யலீங்களே. வரும்போதே பார்த்தேன், கேஸ் போயிருக்கு.

— குறை சொல்லி விலைய இறக்கப் பாக்குறியா?

— சத்தியமா இல்லீங்க. நீங்க சொன்னதுதான் விலை. ஒரு பைசா பேரம் பேசினேனா நான்?

— அதுதான் எனக்கு உறுத்துது. பழைய வண்டிய எவனாவது பேரம் பேசாம வாங்குவானா? டயரை உதைச்சுப் பார்க்கல, அடியில குனிஞ்சு பார்க்கல. இதுல மெக்கானிக்குன்னு வேற சொல்லிக்கிற.

— இஞ்சின் சத்தமே சொல்லுதுங்க, கண்ணு மாதிரி வச்சிருக்கீங்க. அது சரி, அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?

— எந்த அம்மாவுக்கு?

— விளம்பரத்துல போட்டிருந்தீங்களே. மனைவி ஆபரேஷன் செலவுக்காக அவசரமா விக்கிறேன்னு.

— ஓ, அதுவா. அதுக்கென்ன இப்போ? நீ பணத்தப் பத்திப் பேசு.

— எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னீங்கன்னா...

— வண்டி வாங்க வந்தியா, நலம் விசாரிக்க வந்தியா?

— கோவிச்சுக்காதீங்க. விளம்பரம் வந்து நாளாச்சே, இன்னும் ஆபரேஷன் பண்ணலையான்னுதான் கேட்டேன்.

— நாளாச்சுதான். எத்தனையோ பேர் வந்து பார்த்தாங்க. நான்தான் யாருக்கும் குடுக்கல. இப்பத்தான் மனசு விட்டுப் போச்சு. இனிமே இதுல யார ஏத்திக்கிட்டு நான் எங்க போகப் போறேன்?

— பின் சீட்டுல ஒரு தலையணை கிடக்குதுங்களே, சின்னதா?

— அட, அத எடுக்க மறந்துட்டேன் பாரு. இடுப்பு வலிக்கு முட்டுக் குடுக்க அவ வச்சது. இப்படிக் குடு.

— ஆஸ்பத்திரிக்கு வேணுங்களே. போற வழியில நானே கொண்டு போய்க் குடுத்துட்டுப் போறேன்.

— வேணாம். குடு இங்க.

— சரிங்க. ஐயா, ஒண்ணு கேக்கலாமா? ரொக்கமா தரேன்னேன், கள்ள நோட்டு கலந்திருக்கும்னீங்க. செக் தரேன்னேன், திரும்பி வரும்னீங்க. அடையாள அட்டைய வாங்கி மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தீங்க, கழட்டியும் பார்த்தீங்க. பொண்ணு கேட்டு வந்திருந்தாக்கூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க.

— சிரி, சிரி. சூடு பட்டவன் நான். உன்னைச் சொல்லலப்பா, காலத்தச் சொல்றேன். இதுக்கு முன்னாடி ஒரு வண்டி இருந்துச்சு, வாடகைக்கு ஓட்டினது. எங்க குடும்பமே அதுலதான் சாப்பிட்டுச்சு. கால ஒடிச்சுக்கிட்டு நான் படுத்த படுக்கையாக் கிடந்தப்போ அத விக்க வேண்டியதாப் போச்சு. என் மகன்தான் வித்தான். அப்ப அவனுக்கு உன் வயசு கூட இருக்காது.

— அப்புறம் என்னாச்சுங்க?

— வந்தவன் நல்லா உடுத்திக்கிட்டு, நல்லா பேசிக்கிட்டு வந்தான். பணம் போட்டாச்சுன்னு போனைக் காட்டினான். இவன் போனுக்கும் மெசேஜ் வந்துச்சு, பேங்க் பேரெல்லாம் போட்டு. இவன் சாவி, பேப்பரு எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு, "பணம் வந்துருச்சுப்பா"ன்னு சந்தோஷமா ஓடி வந்தான். மெசேஜ் அனுப்பினதே அந்தத் திருட்டுப் பயல்தான். கணக்குல சல்லிக்காசு ஏறல. வண்டியும் போச்சு, ஆளும் போயிட்டான்.

— பாவங்க.

— யாரு?

— உங்க மகன்தாங்க. நீங்களும்தான்.

— நான் அப்ப அப்படி நினைக்கலையே. கத்தவும் இல்ல, அடிக்கவும் இல்ல. படுத்துக்கிட்டே, "இதுல உனக்கு எவ்வளவு பங்கு?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

— ஐயோ.

— அவன் அவங்க அம்மா பக்கம் திரும்பினான். என் புள்ள அப்படிச் செய்ய மாட்டான்னு அவ ஒரு வார்த்தை சொல்லுவான்னு பார்த்துக்கிட்டே நின்னான். அவ எனக்குப் பயந்து, அடுப்பப் பார்த்துத் திரும்பிக்கிட்டா. சட்டைய மாட்டிக்கிட்டு இறங்கினவன்தான்.

— நீங்க தேடலையாங்க?

— நம்பரை மாத்திட்டான். ஊரையும் மாத்திட்டான்னு நினைக்கிறேன். யார்கிட்ட போய் என்னன்னு கேப்பேன்? பெத்த புள்ளையத் திருடன்னு சொன்னவன் நான்தான், அவன் எங்க இருக்கான்னு தெரியுமான்னா? நீ ஏன் கண்ணத் தொடைக்கிற?

— தூசிங்க. ஐயா, நீங்க உள்ள போய் இடம் பிடிங்க. பட்டறைக்கு ஒரு போன் பேசிட்டு வந்துடுறேன்.

— அதெல்லாம் நடக்காது. என் கண்ணு முன்னாடி நின்னு பேசு.

— சரிங்க, இங்கயே பேசுறேன். அலோ, நான்தாண்ணே. ஆமா, பேங்க்லதான் இருக்கோம். ம். நல்லாத்தான் இருக்காரு. ம். சரிண்ணே. வச்சிடுறேன்.

— யாரு நல்லாத்தான் இருக்காரு?

— வண்டியச் சொன்னேங்க. வாங்க, போகலாம்.

— அம்மா, வணக்கம்மா. ஒரு சின்ன உதவி. வண்டி விக்கிறேன், இந்தத் தம்பிதான் வாங்குறாரு. பணம் வந்து சேர்ந்துச்சான்னு உங்க கம்ப்யூட்டர்ல பார்த்து நீங்களே சொல்லணும்.

— உக்காருங்க சார். ஒரு நிமிஷம். உங்க போனுக்கே மெசேஜ் வந்திருக்குமே?

— மெசேஜை நான் நம்புறதில்லம்மா.

— நல்ல பழக்கம் சார். எங்க கஸ்டமர் எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம். கணக்குப் புத்தகமும் அடையாள அட்டையும் குடுங்க. ஒரு நிமிஷம்... ஆமா சார், இப்பத்தான் வந்திருக்கு. முழுத் தொகையும் சேர்ந்துடுச்சு.

— சேர்ந்துடுச்சுன்னா, நாளைக்குத் திரும்பி ஓடிடாதே?

— ஓடாது சார். உங்க பணம்தான்.

— பார்த்தீங்களா ஐயா? சத்தியமா சொன்னேன்ல? நீங்க கையெழுத்தப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

— பொறு, பறக்காத. அம்மா, இன்னொண்ணு. அனுப்பினவர் பேரும் இந்தத் தம்பி அட்டையில இருக்கிற பேரும் ஒண்ணான்னு பார்த்துடுங்க.

— ஐயா, அதெல்லாம் எதுக்குங்க? பணம்தான் வந்துடுச்சே.

— எதுக்கா? நீங்க பாருங்கம்மா.

— ஒரு நிமிஷம் சார். தம்பி, உங்க அட்டையக் காட்டுங்க. இல்லையே, பேரு வேறயா இருக்கே.

— பார்த்தியா! நான் நினைச்சேன்! பேரம் பேசாம வாங்குறப்பவே நினைச்சேன். எவன் கணக்குலயோ கைய வச்சு எனக்கு அனுப்பிட்டு நீ வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிடுவ. பறிகொடுத்தவன் போலீசைக் கூட்டிக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். அப்ப திருடன் யாரு? நானு!

— அப்படி இல்லீங்க, சத்தியமா அப்படி இல்ல. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க ஐயா.

— எவன் பணம்டா இது? சொல்லு!

— சார், சத்தம் போடாதீங்க. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. ஒரு நிமிஷம்... உங்க அட்டைய இன்னொரு தடவை குடுங்க. சார், அனுப்பினவர் தன் பேருக்கு முன்னாடி அவங்க அப்பா பேரைப் போட்டிருக்காரு. வெறும் எழுத்து இல்ல, முழுப் பேரும். அது உங்க பேரு சார். உங்களுக்கு மகன் இருக்காரா?

— ஐயா. ஐயா, உக்காருங்க. என்னைப் புடிச்சுக்கங்க. மெதுவா.

— தம்பி, அந்தத் தண்ணியக் குடுங்க அவருக்கு.

— எங்க இருக்கான்?

— பக்கத்து ஊர்லதாங்க. என் முதலாளி அவரு, பட்டறை அவரோடது. விளம்பரத்துல வண்டி போட்டோவப் பார்த்தாரு. வண்டிக்குப் பின்னால உங்க வீட்டுக் கதவு தெரிஞ்சுச்சு. கீழ அம்மாவுக்கு ஆபரேஷன்னு படிச்சவரு, போனைக் கீழ வைக்கல, அப்படியே உக்காந்துட்டாரு. தான் வந்தா நீங்க பணத்தத் தொடமாட்டீங்கன்னுதான் என் பேரைச் சொல்லி வாங்கச் சொன்னாரு. என் கணக்குல போட்டு அனுப்பலாம்னு நான் சொன்னேன். பணம் உன் கைக்கு வந்து தாமதமாயிடப் போகுது, அம்மாவுக்கு அவசரம்னு அவரே அனுப்பிட்டாரு.

— என் பேரைப் போட்டுக்கிறானா? இன்னமுமா?

— பட்டறை போர்டுலயும் அப்படித்தாங்க எழுதியிருக்கு. ஒருத்தர் கூட முதலாளி பேரைச் சுருக்கிச் சொல்லக்கூடாது. சொன்னா அண்ணனுக்குக் கோவம் வரும்.

— திருடன்னேம்மா அவனை. எனக்குக் கால் வலின்னா கஞ்சி வச்சு ஊட்டினவன். அவனப் போயி கேட்டேனே, எவ்வளவு பங்குன்னு.

— அழாதீங்க சார். அவருதான் இப்ப உங்களத் தேடி வந்துட்டாரே.

— தம்பி, சாவிய உன்கிட்ட தரமாட்டேன். கேட்டியா? பணம் எவன் பேர்ல வந்துச்சோ, அவன்தான் நேர்ல வந்து கையில வாங்கணும். அதுதானேம்மா முறை?

— அதுதான் சார் முறை. தம்பி, உங்க முதலாளிக்குப் போன் போடுங்க.

— வருவாருங்க ஐயா, கண்டிப்பா வருவாரு. முதல்ல பணத்த ஆஸ்பத்திரியில கட்டச் சொன்னாரு. ஆபரேஷன் முடிஞ்சு அம்மா கண்ணு முழிக்கிறப்போ, முன்னாடி அவருதான் நிக்கணுமாம். அன்னைக்கு அம்மா பேசாம இருந்ததுல தனக்கு வருத்தமே இல்லன்னு முதல் வார்த்தையாச் சொல்லணுமாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டுன்னு மட்டும் எப்படியாவது கேட்டுட்டு வாடான்னு அனுப்பினாரு. சொல்லுங்கய்யா, இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடுறேன்.

— பணத்த அவனுக்கே திருப்பி அனுப்பிடும்மா... தம்பி, அந்த விளம்பரம் போட்டப்போ அவ ஆஸ்பத்திரியிலதான் இருந்தா. எல்லாம் முடிஞ்சு நான் மட்டும் வீட்டுக்கு வந்தப்புறமும் அத எடுக்கல, அதப் பார்த்தாவது அவன் வருவானான்னு விட்டு வச்சேன், அம்மா போயிட்டான்னு அவனுக்குச் சொல்ல எனக்கு வேற வழி தெரியல.