அஞ்சாம் படியில் ஒரு ஸ்கூட்டி

ஹலோ... ஹலோ, சுடலையாண்டி அண்ணாச்சியா? இலத்தூர் முத்துச்செல்வி பேசுதேன்... ஆமா, அந்தப் பழைய ஸ்கூட்டிதான். பின்னாடி புது ஷாக் அப்சார்பர் மாட்டித் தந்தியள்லா... நல்லா ஓடுதாவா? நல்லா கேட்டிய போங்க. மூணு நாளா குனிஞ்சு ஒரு குடம் தண்ணி தூக்க முடியல.

...

ரோட்டச் சொல்லாதிய. குழாய்க்குத் தோண்டுன பள்ளம் பழைய ஷாக் இருக்கும்போதும் இருந்துச்சு. அப்பம் தொம்முனு உக்காரும், இப்பம் தூக்கி எறியுது. பண்பொழி வளைவுல ஒரு கல்லுல ஏறி எறங்குனேன், சீட்ட விட்டு ஒரு சாண் மேல போயிட்டேன். பின்னால வந்த வேன்காரன் ஹாரன் அடிச்சுச் சிரிக்கான்.

...

ஆமா... ஆமா... புது ஸ்பிரிங் இளகி வர நாளாவும். சரி, எத்தன நாளு? ... ஆயிரம் கிலோமீட்டரா? அதுவரைக்கும் என் முதுகெலும்பு இருக்குமா?

...

கத்தாம எப்படிப் பேச? நான் என்ன ஊரு சுத்தவா வண்டி ஓட்டுதேன்? படுத்த படுக்கையா கெடக்குத பதினாலு பேருக்குப் புண்ணு கழுவிக் கட்டு மாத்துத வேலை. இலத்தூர்லருந்து குற்றாலம் வரைக்கும், பஸ் போவாத தெருவெல்லாம் போவணும். டாக்டரு என்ன சொன்னாரு? டிஸ்க் நகந்திருக்கு, ஒண்ணு குலுங்காத வண்டில போங்க, இல்லன்னா வேலைய விடுங்கன்னாரு. அதுக்குத்தான கோயம்புத்தூர்லருந்து கேஸ் அடச்ச ஷாக் வரவழச்சு உங்க கையில தந்தேன்? திங்கக்கிழம நான் போவலன்னா அந்த எடத்துக்கு வேற ஆளு வந்துரும்.

...

நீங்க மொதல்ல கேளுங்க. காலையில நானே கீழ உக்காந்து பாத்தேன். ஸ்பிரிங்க இறுக்குததுக்கு அஞ்சு படி இருக்கு. நீங்க அஞ்சாம் படியில வச்சிருக்கிய. டப்பாவுல படமே போட்டிருக்கு, ரெண்டு ஆளும் மூட்டையும் ஏத்துதவங்களுக்குத்தான் அஞ்சு. நான் என்ன வெங்காய மூட்டையா ஏத்துதேன்? பையில பஞ்சும் கட்டுத்துணியும்தான இருக்கு?

...

என்னது? என் வெயிட்ட எப்படிக் கேக்கன்னு கூச்சமா இருந்துச்சா? நல்லாருக்கே! ஒரு பொம்பளைய சீட்டுல உக்காரச் சொல்லி, ஸ்பிரிங் எவ்வளவு எறங்குதுன்னு பாக்க உங்களுக்குக் கூச்சம்... அண்ணாச்சி, உங்க கடை வாசல்ல அரைமணி நேரம் மரமாட்டம் நின்னேன்லா? நான் ஓட்டுத வண்டிக்கு, நான் போன பொறவு கடைக்கு வந்த எங்க வீட்டுக்காரருட்ட அளவு கேட்டிருக்கிய.

...

அவியளே சொன்னாவளா? எத? ... அஞ்சுல வைக்கச் சொல்லியா?

...

அவிய பின்னாடி உக்காருவாவன்னா? கத விடாதிய. பொண்டாட்டி ஓட்டி புருசன் பின்னாடி உக்காந்தா ஊரு சிரிக்கும்னு, பட்டாளத்துலருந்து வந்த இந்த ஆறு வருசத்துல ஒரு நாளு ஏறுனதில்ல.

...

பொறவு எதுக்கு அஞ்சு?

...

முழுங்காதிய. சொல்லுங்க.

...

ம்.

...

இன்னொரு மட்டம் சொல்லுங்க. அவிய சொன்ன மாதிரியே சொல்லுங்க... நல்லா இறுக்கி வை, நாலு நாளு குலுங்குனா வண்டியும் வேண்டாம் வேலையும் வேண்டாம்னு அவளே விட்டுருவான்னா?

...

நீங்க அதுக்கு என்ன சொன்னிய? ... சிரிச்சியளா. புருசன் பொண்டாட்டி விசயம், நமக்கெதுக்குன்னு சிரிச்சிட்டு ஸ்பேனர எடுத்தியளாக்கும்.

...

மன்னிப்ப நீங்களே வச்சிக்கிடுங்க.

நேத்து சாயங்காலம் எனக்கு முதுகுல தைலம் தேச்சு விட்டது யாரு தெரியுமா அண்ணாச்சி? அவியதான். விட்டுரு புள்ள, உடம்புதான் முக்கியம்னு சொல்லிச் சொல்லித் தேச்சாவ. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. இம்புட்டுப் பாசமான்னு நெனச்சேன்...

...

நீங்க ஒண்ணும் வர வேண்டாம். உங்க கை பட்டது போதும். அந்த ஸ்பேனர மட்டும் குடுத்து விடுங்க, ரெண்டாம் படிக்கு நானே எறக்கிக்கிடுதேன். திங்கக்கிழம நான் வேலைக்குப் போறேன்.

...

இருங்க, வைக்காதிய. ஏங்க... ஏங்க, இங்கன வாங்க. பேப்பர அப்புறம் படிக்கலாம், வாங்க. சுடலையாண்டி அண்ணாச்சி லைன்ல இருக்காரு. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன்... அண்ணாச்சி, அன்னைக்குக் கடையில அவிய உங்கட்ட சொன்னத, இப்பம் அவிய முன்னால ஒரு தடவ சொல்லுங்க.

...

ஹலோ?

ஹலோ... ஹலோ...

வச்சிட்டாரு. பரவால்ல. நீங்க சொல்லுங்க.