கத்தரி இருக்கற இடம்

சொல்றேன்னு சொன்னேன்ல, சொல்லாமலா உங்கள இவ்வளவு தூரம் வரச் சொன்னேன்? உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது என் வீட்டுக்காரரோடது. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் அவரு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாரு. இந்த ஸ்டூல் போதும் உங்களுக்கு. அந்தப் பழப் பைய வெளியவே வச்சிடுங்க. இந்த வீட்ல நோயாளி யாரும் இல்ல.

உங்க பொண்டாட்டி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். ஆனா அதச் சொல்றதுக்கு முன்னால நான் பேசணும், நீங்க கேக்கணும். இத்தன வருஷமா நீங்க பேசினீங்க, அவ கேட்டுக்கிட்டு இருந்தா. இன்னிக்கு ஒரு நாள் மாத்திப் பாப்போமே, குடி ஒண்ணும் முழுகிப் போயிடாது.

அவளுக்கு நாங்க வச்ச பேரு தெரியுமா? கத்தரி. காய் இல்ல, கோல். நாங்கள்லாம் வண்ணத்தையும் தூரிகையையும் வச்சுக்கிட்டுத் தடுமாறுவோம், அவ ஒரு பழைய காலண்டர் தாளக் கையில எடுத்து நாலு வெட்டு வெட்டினா கடல் வந்து நிக்கும். நாலு பேரும் ஒரே ஓவிய வகுப்புல சேந்தவங்க. நான் மூக்குக் கண்ணாடிக் கடைல வேல பாக்குறவ, டெய்லரக்கா ஒருத்தங்க, பேக்கரி வச்சிருக்கறவர் ஒருத்தர், அப்புறம் அவ. வாத்தியாரு ஊர விட்டுப் போனதும் வகுப்ப மூடிட்டாங்க. நாங்க மூடல.

தெரியும், தெரியும்னு தலையாட்டாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது வேற.

மாசத்துக்கு ஒருத்தர் தனக்கு ரொம்பப் பிடிச்ச சினிமா ஒண்ணு சொல்லணும். எல்லாரும் அவங்கவங்க வீட்ல அதப் பாக்கணும். பாத்துட்டு மனசுல என்ன நின்னுச்சோ அத அட்டைல வரைஞ்சு இன்னொருத்தருக்குத் தபால்ல போடணும். கையால குடுக்கக் கூடாது. கையால குடுத்தா மூஞ்சியப் பாக்கணும், மூஞ்சியப் பாத்தா ஆஹா ஓஹோன்னுதான் சொல்லி ஆகணும். தபால்ல வந்தா தனியா உக்காந்து பாக்கலாம். பிடிக்கலன்னா பிடிக்கல. போன்லயும் அதப் பத்திப் பேசக் கூடாது. சின்னப் புள்ள விளையாட்டுன்னு நீங்க சொன்னீங்களாமே. ஆமா, விளையாட்டுதான். நாள் பூரா அடுத்தவங்க கண்ணுக்கு லென்ஸ் மாட்டிட்டு வீட்டுக்கு வந்தா, வாசல்ல எனக்குன்னு ஒரு அட்டை கிடக்கும். அத விட்டா எனக்கு வேற என்ன இருந்துச்சு?

அவ சொன்ன சினிமா ஒண்ணு. பெரிய கட்டடத்துல லிஃப்ட் ஓட்டுற பொண்ணோட கதை. எல்லாரையும் அவங்கவங்க மாடில இறக்கி விடுவா, இவ எந்த மாடிலயும் இறங்க மாட்டா. கடைசில ஒரு நாள் இறங்குவா. அவ்வளவுதான் கதை. நான் அழுதுட்டேன். டெய்லரக்கா தூங்கிட்டாங்க. பேக்கரிக்காரர் லிஃப்டுக்குப் பதிலா அடுப்பு வரைஞ்சாரு, கேட்டா ரெண்டும் சூடுதானேன்னாரு. அவ செஞ்ச அட்டை எனக்கு வந்துச்சு. பஸ் டிக்கெட்ட வெட்டி வெட்டி வரிசையாக் கதவு. கடைசிக் கதவு மட்டும் விரல் வச்சா திறக்கும்.

அந்த அட்டை ஓரத்துல சிவப்புப் பேனால ஒரு கோடு. பக்கத்துல எழுதியிருந்துச்சு, பெர்ஸ்பெக்டிவ் தப்பு, தூரத்துக் கதவு சின்னதாத் தெரியணும்னு.

உங்க கையெழுத்துதான? கட்டடத்துக்கு பிளான் போடறவர், கோணல் கண்ண உறுத்தியிருக்கும். பாவம். மொதல்ல நான் என்ன நினைச்சேன், ஏதோ புருஷன் பொண்டாட்டி வேடிக்கைன்னு நினைச்சேன். அடுத்த அட்டைலயும் சிவப்பு. அதுக்கடுத்ததுலயும். அப்புறம் நாங்க அவளுக்குப் போட்டதயும் திருத்த ஆரம்பிச்சீங்க. டெய்லரக்கா நூல்ல தச்சு அனுப்பின பறவைக்கு ரெக்க நீளம் அதிகம்னு அளந்து எழுதினீங்களாமே? உங்களுக்கு நாங்க வச்ச பேரு ஸ்கேலு. கோவப்படாதீங்க, உங்களப் பாத்தா அப்படித்தான் இருக்கு.

அவ படம் பாக்க உக்காந்தா நீங்களும் பக்கத்துல உக்காருவீங்களாம். முடிவ முன்னாலயே சொல்லிடுவீங்களாம். இவ இப்ப செத்துடுவா பாரு, இதுக்குப் போயி அழறியான்னு. ஆட்டக் கடிச்சு மாட்டக் கடிச்சுக் கடைசில மனுஷனக் கடிச்ச கதைதான். அட்டையத் திருத்தினீங்க, படத்தத் திருத்தினீங்க, அப்புறம் அவளையே திருத்த ஆரம்பிச்சிட்டீங்க.

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. விஷயத்துக்குத்தான வர்றேன். இப்ப எந்திரிச்சுப் போனா அவ எங்கன்னு என் வாயால வராது, சொல்லிட்டேன்.

ஒரு நாள் அவ அட்டை நின்னு போச்சு. சரி, வேலை போலன்னு இருந்தேன். அடுத்த மாசமும் இல்ல. போன் பண்ணினா அந்த நம்பரே இல்லன்னுச்சு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. பெரிய ஆளாயிட்டா, நாமெல்லாம் வேண்டாதவங்களாயிட்டோம்னு டெய்லரக்காகிட்ட வாய்க்கு வந்தபடி பேசினேன். ஆனாலும் அட்டை போடறத நாங்க நிறுத்தல. ரோஷம் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம்.

அப்புறம் ஒரு நாள் கடைக் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வர்றா, கையில ஒடிஞ்ச கண்ணாடி. என்னப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நானும் திருப்பிக்கிட்டேன். கடை ஓனரு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குறாரு. கடைசில அவதான் கேட்டா, அத்தன அட்டை போட்டேனே, ஒருத்தராவது பதில் போட்டீங்களாடின்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நீ எங்கடி போட்ட, நாங்கல்ல போட்டோம்னேன்.

ரெண்டு பக்கத்து அட்டையும் ஒரே கையிலதான் நின்னு போயிருக்குன்னு அப்பதான் புரிஞ்சுது.

உங்ககிட்டதான குடுத்தா தபால்ல சேத்துடுங்கன்னு? எங்க அட்டையெல்லாம் உங்க கையிலதான வந்து விழுந்துச்சு? நாள் பூரா வீட்லயே உக்காந்து பிளான் போடறவர், தபால்காரர் வந்தா மொத ஆளா நீங்கதான நிப்பீங்க? நம்பர மாத்துனதும் அதுக்குத்தான. கண்டவன் கூப்பிட்டுத் தொந்தரவு பண்றான்னு சொன்னீங்களாமே. அந்தக் கண்டவன் நாங்கதான்.

அவ நல்லதுக்கா? இருங்க, இன்னொரு தடவ சொல்லுங்க, என் வீட்டுக்காரருக்கும் கேக்கட்டும்.

கண்ணாடி எப்படி ஒடிஞ்சதுன்னு கேட்டேன் அவகிட்ட. தெரியாம மேல உக்காந்துட்டேன்னா. கண்ணாடி மேல உக்காந்தவளுக்கு மூக்கோரம் ஏன் கன்னிப் போகுது? நீங்க சொல்லுங்க, பாப்போம். நான் வேற ஃப்ரேம் மாட்டிக் குடுத்தேன். அதப் போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் வந்தா, உங்ககிட்ட நேராக் கேக்கணும்னு. கேட்டா. அன்னிக்கே கட்டின துணியோட வெளிய வந்துட்டா.

அவ சாமான எடுக்க பேக்கரிக்காரர் எத்தன தடவ வந்தாரு உங்க வாசலுக்கு? கதவத் திறந்தீங்களா? ஜன்னல் வழியாவே பேசி அனுப்பினீங்க. அவ வந்து கேக்கட்டும், அவ தனியா வரட்டும்னீங்க. தனியா வந்தா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியாதா? நீங்களும் அந்த வீட்ட விட்டு நகர மாட்டேங்கறீங்க. பாலுக்குக்கூட வெளிய வர்றதில்லையாம், பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க.

சரி, காப்பி குடிக்கிறீங்களா? மொதல்ல கேக்கலதான். இப்ப கேக்கறேன். பால் சுட வைக்கணும், கொஞ்ச நேரம் ஆகும். வேண்டாமா? வேண்டாம்னா போங்க, எனக்கும் உங்களுக்குப் போட மனசில்ல.

கத்தாதீங்க. இது உங்க வீடு இல்ல. உள்ள என் வீட்டுக்காரர் சும்மா ஒண்ணும் உக்காந்திருக்கல, நீங்க குரல உயர்த்தினா வெளிய வர்றதுன்னுதான் பேச்சு. ஆங், பாருங்க, தாப்பாள் சத்தம். ஏங்க, ஒண்ணுமில்ல, நீங்க வர வேண்டாம், சார் உக்காந்துட்டாரு!

இருங்க, போன் அடிக்குது.

ஹலோ. சொல்லுங்கக்கா. ம். அவ வரையற மேஜையுமா? அதோட கால் எதுவும் ஒடியலையே? சரி. நம்ம அட்டையெல்லாம்? எல்லாமே இருந்துச்சா? அடப்பாவி. சரி, சரி. அவ எப்படி இருக்கா? அழறாளா? என்ன, சிரிக்கிறாளா? இருக்கட்டும், சிரிக்கட்டும். நிக்காதீங்க, கிளம்புங்க.

டெய்லரக்காதான். வண்டி கிளம்பிடுச்சாம்.

சரி, வாக்குக் குடுத்திருக்கேன், சொல்லிடறேன். நீங்க இங்க இந்த ஸ்டூல்ல உக்காந்திருந்த நேரம் பூரா, அவ உங்க வீட்லதாங்க இருந்தா. ஆமா, உங்க வீட்லயேதான். இப்ப எங்க போறான்னு எனக்கே தெரியாது. எனக்கு வாய் நீளம், எங்கிட்ட சொல்லித் தொலைக்காதீங்கன்னு நானேதான் சொல்லி வச்சேன்.

உள்ள போகத் திறந்த அவளோட சாவிய சமையலறை மேடைல வச்சிட்டு, இழுத்தாலே பூட்டிக்கற கதவ இழுத்துச் சாத்திட்டு வந்துட்டாளாம். உங்க சாவி கையில இருக்குல்ல?